வேண்டாத விளம்பரம் வாசலோடு நிற்கட்டும்



ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன வீடு. அந்த வீட்டு அம்மா துணி தைக்கிறார். அப்பா லாரியில் சுமை ஏற்றுகிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். சீட்டுப் பணம் எடுத்துப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். இன்டர்நெட் அம்மாவின் செல்போனிலிருந்து வருகிறது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. அதற்கு மேல் போனால் வேகம் படுத்துவிடும்.

கல்லூரியில் சேர விண்ணப்பப் படிவம் வேண்டும். மகள் தேடுகிறாள். ஒரு பக்கம் திறக்கிறது. நடுவில் பெரிய பச்சைப் பெட்டி. அதில் 'டவுன்லோடு' என்று எழுதியிருக்கிறது. ஓரத்தில் செருப்பு விளம்பரம். மேலே கடன் விளம்பரம். கீழே ஒரு படம் தானாக ஆடுகிறது. எங்கோ அடியில், எறும்பு எழுத்தில், உண்மையான படிவத்தின் பெயர் இருக்கிறது.

அம்மா எட்டிப் பார்க்கிறார். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகி இரண்டு வருடம்தான் ஆகிறது.

"அதோ, பெரிசா பச்சையா இருக்கே. அதை அமுக்கு கண்ணு" என்கிறார்.

மகள் அமுக்குகிறாள். படிவம் வரவில்லை. வேறு ஒரு பக்கம் திறக்கிறது. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது. உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று சிவப்பு எழுத்து மின்னுகிறது. அம்மா பயந்துபோய் லேப்டாப்பின் மூடியைப் பட்டென்று மூடிவிடுகிறார்.

அவர் மூடியது சரிதான். அந்த எண்ணுக்குப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுமுனையில் ஒருவர் இனிமையாகப் பேசுவார். ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார். அது வந்ததும் கம்ப்யூட்டர் அவர் கைக்குப் போய்விடும். அடுத்தது வங்கிக் கணக்கு.

இந்த மோசடி புதிதல்ல. தேடும் இடத்தில் போலி 'கஸ்டமர் கேர்' எண்ணைக் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட கையேட்டில் எச்சரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யும் தன் நாட்டு மக்களுக்கு ஒரு யோசனை சொன்னது. இன்டர்நெட்டில் தேடும்போது விளம்பரத் தடுப்பு ஒன்றை வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. தேடினால் முதலில் வரும் விளம்பரங்களில் போலிகள் கலந்திருப்பதே காரணம்.

புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கு இதில் கஷ்டம் இரண்டு மடங்கு. செய்தித்தாளில் விளம்பரம் ஒரு கட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. விளம்பரம் செய்தி வேடம் போடும். பொத்தான் வேடம் போடும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒருவருக்கு ஒவ்வொரு வரியும் உழைப்பு. அந்த உழைப்பைச் செருப்புக்கும் கடனுக்கும் செலவழித்துவிட்டு, படிவத்துக்கு வரும்போது கண் களைத்துப் போயிருக்கும்.

இப்படி வேடம் போட்டு வரும் விளம்பரம் தவறு என்று அரசும் சொல்லியிருக்கிறது. 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகளில் 13 வகை ஏமாற்று வேலைகள் பட்டியல் இடப்பட்டுள்ளன. அவற்றில் இதுவும் ஒன்று. நெறிமுறை வந்துவிட்டது. பச்சைப் பெட்டி இன்னும் போகவில்லை.

அப்படியானால் அந்த வீட்டில் என்ன செய்யலாம்? கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஒரே ஓர் இடத்தை மாற்றினால், இந்த விளம்பரங்களில் பெரும்பகுதி உள்ளேயே வராது. காசு கிடையாது. புதிய ஆப் எதுவும் தேவையில்லை. அந்த இடம் எது, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். வேலை செய்யும் விதம் தெரியாமல் அதைத் தொடக் கூடாது. ஏன் என்பதும் பின்னால் வரும்.

முதலில் ஒரு கேள்வி. விளம்பரம் எங்கிருந்து வருகிறது?

திறந்த பக்கத்திலிருந்து வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பக்கத்தை நடத்துகிறவர் தன் எழுத்தை மட்டும் தருவார். கூடவே ஒரு சீட்டும் தருவார். 'இந்த இடத்துக்கு இன்ன நிறுவனத்திடம் போய் ஒரு விளம்பரம் வாங்கிக்கொள். அந்த மூலைக்கு இன்னொரு நிறுவனத்திடம் போ' என்று அதில் எழுதியிருக்கும். கம்ப்யூட்டர், கடைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை மாதிரி. சீட்டில் இருக்கிற ஒவ்வொரு கடைக்கும் ஓடி ஓடி வாங்கி வரும். ஒரே பக்கத்துக்காகப் பத்து, இருபது கடை ஏறி இறங்குவது சாதாரணம். போய் வரும் செலவு யாருடையது? அம்மா ரீசார்ஜ் செய்த அந்த ஒன்றரை ஜி.பி.தான்.

இன்னொன்றும் நடக்கிறது. கடைக்குப் போன பிள்ளையிடம் கடைக்காரர் ஊர்க்கதை கேட்பார் அல்லவா? 'உங்கள் வீட்டில் நேற்று என்ன பார்த்தீர்கள்? எந்த ஊர்? என்ன போன்?' என்று விளம்பர நிறுவனங்களும் கேட்டுக் குறித்துக்கொள்கின்றன. ஒருமுறை தையல் மெஷின் விலை பார்த்தால் ஒரு வாரம் தையல் மெஷினே கண்ணில் படுவது அதனால்தான்.

இந்தப் பழக்கம் பழையது. 1994 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவில் 'ஹாட்வயர்டு' என்ற பக்கத்தில் ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம் பட்டையாக வந்தது. இன்டர்நெட் பக்கங்களில் இப்படி வந்த முதல் விளம்பரங்களில் அது ஒன்று. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-இல், வி.எஸ்.என்.எல். மூலம். ஆக, இங்கே இன்டர்நெட் வந்தபோதே விளம்பரமும் அதன் இடுப்பில் உட்கார்ந்துதான் வந்தது.

இப்போது அந்தப் பிள்ளையிடம் திரும்புவோம். சீட்டில் கடையின் பெயர்தான் இருக்கிறது. இன்டர்நெட்டிலோ பெயரைச் சொன்னால் வழி தெரியாது. அங்கே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு. எண் தெரிந்தால்தான் போக முடியும்.

செல்போனில் 'தம்பி' என்று பெயரைத் தொடுகிறீர்கள். போன் அந்தப் பெயருக்கு உரிய பத்து எண்களை எடுத்து அழைக்கிறது. எண் உங்களுக்கு நினைவில் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. இன்டர்நெட்டிலும் இதே ஏற்பாடுதான். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்கிற ஒரு பெரிய ஏடு இருக்கிறது. அதற்கு டி.என்.எஸ். என்று பெயர். 'டொமைன் நேம் சிஸ்டம்' என்பதன் சுருக்கம்.

ஆதியில் இந்த ஏடு மிகச் சிறியதாக இருந்தது. 1970-களில் அமெரிக்காவில் 'அர்ப்பாநெட்' என்ற பெயரில் கொஞ்சம் கம்ப்யூட்டர்கள்தான் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணி ஒரு குழுவை நடத்தினார். எந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன பெயர், என்ன எண் என்ற பட்டியலை அந்தக் குழுதான் எழுதி வைத்தது. அந்தப் பட்டியலுக்கு 'ஹோஸ்ட்ஸ்' என்று பெயர். புதிதாக யாராவது சேர்ந்தால் பட்டியலில் ஒரு வரி கூடும். மற்றவர்கள் எல்லாரும் அதன் பிரதியை எடுத்துத் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வார்கள்.

கம்ப்யூட்டர்கள் பெருகின. ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதி மாளவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற விஞ்ஞானி ஒரு புதிய திட்டம் தந்தார். ஏட்டைப் பிரித்துப் பல இடங்களில் வைப்பது, தேவைப்படும்போது கேட்டுத் தெரிந்துகொள்வது. அதுதான் டி.என்.எஸ். இன்று உலகமே அதில்தான் ஓடுகிறது.

பழைய ஹோஸ்ட்ஸ் பட்டியல் என்ன ஆயிற்று? அது சாகவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் அந்தப் பெயரில் ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. ஒரு பெயருக்கு எண் வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் முதலில் அந்தக் கோப்பைப் பார்க்கும். அங்கே இல்லையென்றால்தான் வெளியே டி.என்.எஸ்.ஸிடம் கேட்கும்.

விளம்பரத்தைத் தடுக்கிற சூட்சுமம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பிள்ளை கடைக்குக் கிளம்பும் முன் வழி கேட்கிறது. 'அப்படி ஒரு கடையே இல்லை' என்று வழி சொல்கிறவர் சொல்லிவிட்டால்? பிள்ளை கிளம்பாது. விளம்பரம் வராது. டேட்டா செலவாகாது. ஊர்க்கதையும் வெளியே போகாது. வந்த விளம்பரத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது வேறு. இதில் விளம்பரம் கிளம்பவே கிளம்பாது.

இதைச் செய்ய இரண்டு வழி உண்டு.

முதல் வழி, அந்தப் பழைய ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதுவது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் சி டிரைவுக்குள் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம் 32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈ.டி.சி. என்ற உறையில் அது கிடக்கிறது. அதில் 0.0.0.0 என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, விளம்பர நிறுவனத்தின் இன்டர்நெட் பெயரை எழுத வேண்டும். நான்கு சுழியமும் எங்கும் போகாத எண். அந்தப் பெயரைக் கேட்டால் கம்ப்யூட்டர் அங்கேயே நின்றுவிடும்.

நல்ல வழிதான். பழகியவர்களுக்கு ஏற்றது. ஆனால் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக எழுதித்தான் தடுக்க முடியும். விளம்பரக் கடைகளோ பல்லாயிரம். இதற்கென்றே பட்டியல் தயாரித்து இலவசமாகத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து ஒட்டினாலும், கடைகள் பெயர் மாற்றிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். கோப்பைத் திருத்தக் கம்ப்யூட்டர் உரிமையாளரின் அனுமதியும் தேவை. தையல் வேலைக்கு நடுவே இது நடக்கிற காரியமா?

ஆகவே வீட்டுக்கு ஏற்றது இரண்டாவது வழி. வழி சொல்கிறவரையே மாற்றிக்கொள்வது.

நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தால், உங்களுக்கு டி.என்.எஸ். ஏடு பார்த்துச் சொல்வது பெரும்பாலும் நீங்கள் ரீசார்ஜ் செய்யும் இணைப்பு நிறுவனம். அதற்குப் பதிலாக, விளம்பரக் கடைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றைக் கேட்டால் மட்டும் 'இல்லை' என்று சொல்லும் டி.என்.எஸ். சேவைகள் உள்ளன. ஆட்கார்டு என்பது ஒன்று. சைப்ரஸ் நாட்டில் பதிவான நிறுவனம் அது. அதன் டி.என்.எஸ். இலவசம். சுவீடன் நாட்டின் முல்வாட் நிறுவனமும் இப்படி ஒன்று நடத்துகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். டி.என்.எஸ்.ஸை மாற்றினாலே விளம்பரம் நின்றுவிடும் என்று கடைத்தெருவில் சொல்வார்கள். தவறு. கூகுள் நிறுவனம் 2009 முதல் நடத்தும் 8.8.8.8 என்ற டி.என்.எஸ். விளம்பரத்தைத் தடுக்காது. கூகுளே விளம்பரத்தில் வாழ்கிற நிறுவனம், அது ஏன் தடுக்கப் போகிறது? கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.1 என்பதும் தடுக்காது. அதே நிறுவனத்தின் 1.1.1.2 என்பது வைரஸ் பரப்பும் இடங்களை மட்டும் தடுக்கும். 1.1.1.3 என்பது ஆபாசப் பக்கங்களையும் சேர்த்துத் தடுக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது உதவும். எண்ணில் ஒன்று மாறினால் வேலையே மாறிவிடுகிறது, பாருங்கள்.

அந்த வீட்டு மகள் செய்வதைப் பார்ப்போம். லேப்டாப்பில் 'செட்டிங்ஸ்' திறக்கிறாள். 'நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்' என்ற பகுதிக்குப் போகிறாள். தான் பயன்படுத்தும் வைஃபையைத் தொடுகிறாள். அதன் விவரங்களில் 'டி.என்.எஸ்.' என்ற வரி இருக்கிறது. பக்கத்தில் 'எடிட்' என்ற பொத்தான். அதை அமுக்கினால் 'ஆட்டோமேட்டிக்' என்று காட்டுகிறது. அதை 'மேனுவல்' என்று மாற்றுகிறாள். 'ஐ.பி.வி.4' என்பதை இயக்குகிறாள். முதல் கட்டத்தில் 94.140.14.14 என்றும், இரண்டாவது கட்டத்தில் 94.140.15.15 என்றும் எழுதுகிறாள். 'சேவ்' அமுக்குகிறாள். அவ்வளவுதான்.

எழுதும் முன், பழைய நிலை என்ன என்பதை ஒரு தாளில் குறித்து வைத்தாள். கெட்டிக்காரப் பெண். நாளைக்குத் திரும்ப மாற்ற வேண்டி வந்தால் அந்தத் தாள் வேண்டும்.

சிலருக்கு இவ்வளவு செய்தும் விளம்பரம் வரும். அதற்குக் காரணம் உண்டு. இன்டர்நெட்டில் இரண்டு வகை எண் முறைகள் ஓடுகின்றன. 'ஐ.பி.வி.4' என்பது பழையது. 'ஐ.பி.வி.6' என்பது புதியது. நம் நாட்டுச் செல்போன் இணைப்புகளில் புதியது அதிகம். வாசல் கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை ஆகிவிடும். ஆட்கார்டு தரும் ஐ.பி.வி.6 எண்ணையும் அதற்குரிய கட்டத்தில் எழுத வேண்டும். அது நீளமான எண். எழுத்தும் கலந்தது. அவர்கள் பக்கத்தைப் பார்த்தே எழுதுவது நல்லது. பிரவுசருக்கு உள்ளேயே தனியாக ஒரு டி.என்.எஸ். வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அது வேறு இடத்தில் கேட்கும்படி இருந்தால், வெளியே செய்த மாற்றம் பலிக்காது.

செல்போனில் இது இன்னும் சுலபம். ஆண்ட்ராய்டு போன்களில் 2018-இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்று ஒரு வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் இருக்கும். சில போன்களில் 'கனெக்ஷன்ஸ்' என்ற பகுதியில் இருக்கும். அங்கே எண் எழுத வேண்டாம், பெயர் எழுத வேண்டும். ஆட்கார்டின் பெயரைச் சத்தமாகச் சொன்னால் இப்படி வரும்: டி.என்.எஸ்., புள்ளி, ஆட்கார்டு, சிறு கோடு, டி.என்.எஸ்., புள்ளி, காம். எல்லாம் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் இன்டர்நெட் முழுவதும் நின்றுபோகும். பயப்பட வேண்டாம். மறுபடி அங்கே போய் 'ஆட்டோமேட்டிக்' என்று வைத்தால் பழையபடி ஓடும்.

அம்மாவின் போனில் மாற்றியதால், அதிலிருந்து வைஃபை எடுக்கும் லேப்டாப்புக்கும் தானாக வந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. இரண்டிலும் தனித்தனியாகச் செய்வதே சரி. வீட்டில் மோடம் இருந்தால், அதன் செட்டிங்ஸில் ஒருமுறை மாற்றினால் போதும், எல்லாக் கருவிக்கும் பொருந்தும். ஆனால் பல நிறுவனங்கள் தாங்கள் கொடுக்கும் மோடத்தில் கைவைக்க விடுவதில்லை. ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டரில் 'பை-ஹோல்' என்ற இலவச மென்பொருளைப் போட்டு, வீட்டிலேயே சொந்த டி.என்.எஸ். வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். பள்ளிக்கும் நூலகத்துக்கும் அது நல்ல யோசனை.

சரி, மகள் மாற்றிவிட்டாள். அதே கல்லூரிப் பக்கத்தை மறுபடி திறக்கிறாள். பச்சைப் பெட்டி இருந்த இடத்தில் வெள்ளை இடம். ஓரம் காலி. படிவத்தின் பெயர் அம்மாவின் கண்ணுக்கே தெரிகிறது.

"வி... விண்... விண்ணப்பப் படிவம்" என்று அம்மா படிக்கிறார். "இதானே?"

"இதேதாம்மா."

ஆனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மாலையில் அப்பா யூடியூபில் பாட்டு கேட்கிறார். பாட்டுக்கு முன்னால் விளம்பரம் வருகிறது. "என்னவோ நிறுத்திட்டேன்னு சொன்னியே?" என்கிறார். மகள் விளக்க வேண்டியதாகிறது. யூடியூபில் பாட்டும் விளம்பரமும் ஒரே கடையிலிருந்து வருகின்றன. அந்தக் கடையை இல்லை என்று சொன்னால் பாட்டும் வராது. ஃபேஸ்புக்கில் நடுநடுவே வருவதும் அப்படியே. டி.என்.எஸ். கடையின் பெயரைத்தான் பார்க்கும். பைக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மோசடிச் செய்தியையும் அது தடுக்காது.

சில சமயம் வேண்டியதும் நின்றுபோகும். ஒரு கடைப் பக்கத்தில் பணம் கட்டும் இடம் திறக்காமல் போகலாம். எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த சரியான இணைப்பு ஒன்று திறக்காமல் போகலாம். ரயில் நிலைய வைஃபையில் நுழையும் பக்கம் வராமல் போகலாம். அப்போது சற்று நேரம் 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி, வேலை முடிந்ததும் திரும்ப வைக்கலாம். ஆனால், தெரியாத ஒருவர் அனுப்பிய இணைப்பு திறக்கவில்லை என்பதற்காகத் தடுப்பை எடுக்க வேண்டாம். திறக்காமல் போனதே உபகாரமாக இருக்கலாம்.

விளம்பரத்தை நம்பி நடக்கும் நல்ல பத்திரிகைகளும் இருக்கின்றனவே, அவர்கள் பிழைப்பு என்ன ஆவது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விளம்பரம் எல்லாமே கெட்டது அல்ல. செய்தித்தாள் மலிவாகக் கிடைப்பதே விளம்பரத்தால்தான். உங்களுக்குப் பயன்படும் ஒரு பத்திரிகை சந்தா கேட்டால், முடிந்தவர்கள் கொடுக்கலாம். ஆனால் ஏழை வீட்டு டேட்டாவைத் தின்று, வைரஸ் என்று பயமுறுத்துகிற பச்சைப் பெட்டிக்கு யாரும் கடன்பட்டவர்கள் இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். வேலை செய்யும் விதம் தெரியாமல் இந்த இடத்தைத் தொடக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னோமே, அதன் காரணம்.

வழி சொல்கிறவர் நல்லவராக இருந்தால் கெட்ட கடைக்கு வழி சொல்ல மாட்டார். கெட்டவராக இருந்தால்? நல்ல கடையைக் கேட்டாலும் கெட்ட கடைக்கு அனுப்புவார். இது நடந்தே இருக்கிறது.

2007 முதல் 2011 வரை ஒரு கூட்டம் 'டி.என்.எஸ். சேஞ்சர்' என்ற திருட்டு மென்பொருளைப் பரப்பியது. அது கம்ப்யூட்டருக்குள் புகும். டி.என்.எஸ். எண்ணை மாற்றிவிடும். உரிமையாளருக்கு ஒன்றும் தெரியாது. அவர் பத்திரிகைப் பக்கத்தைத் திறந்தால், பத்திரிகை போட்ட விளம்பரத்துக்குப் பதில் இந்தக் கூட்டத்தின் விளம்பரம் தெரியும். ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் கடைக்குப் போக அமுக்கினால், ஆப்பிளோடு சம்பந்தமே இல்லாத கடைக்குப் போய்ச் சேருவார். வைரஸ் தடுப்பு மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாதபடியும் அது செய்துவிடும்.

100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் இப்படிப் பிடிபட்டன. அந்தக் கூட்டம் குறைந்தது 1 கோடியே 40 லட்சம் டாலர் சம்பாதித்ததாக எஃப்.பி.ஐ. கணக்கிட்டது. 2011 நவம்பரில் எஸ்டோனியா நாட்டில் ஆறு பேர் கைதானார்கள்.

திருடர்களைப் பிடித்தாயிற்று. அவர்களுடைய டி.என்.எஸ். கம்ப்யூட்டர்களை உடனே நிறுத்திவிடலாமா? முடியவில்லை. நிறுத்தினால், அவற்றிடமே வழி கேட்டுக்கொண்டிருந்த லட்சக்கணக்கான வீடுகளில் இன்டர்நெட் ஒரே நேரத்தில் செத்துவிடும். ஆகவே நீதிமன்ற உத்தரவு பெற்று, நல்ல டி.என்.எஸ். கம்ப்யூட்டர்களை அந்த இடத்தில் வைத்து, 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். அதற்குள் எல்லாரும் தங்கள் செட்டிங்ஸைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று அவகாசம் கொடுத்தார்கள். எட்டு மாதம் கொடுத்தும், கடைசி நாளில் லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாறாமலே இருந்தன. தங்கள் கம்ப்யூட்டர் யாரிடம் வழி கேட்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அதே இடம். அதே கட்டம். மகள் இரண்டு எண் எழுதினாளே, அந்தக் கட்டம்தான். விளம்பரத்தைத் தடுக்கவும் அதுதான், திருட்டு விளம்பரத்தை நுழைக்கவும் அதுதான்.

நீங்கள் தேர்ந்தெடுக்கும் டி.என்.எஸ். நிறுவனம், நீங்கள் போகும் ஒவ்வொரு இடத்தின் பெயரையும் கேட்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. என்ன எழுதினீர்கள், என்ன பாஸ்வேர்டு கொடுத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. எங்கே போனீர்கள் என்பது தெரியும். ஆகவே பெயர் தெரிந்த, பல காலமாக நடக்கிற, எதைக் குறித்து வைக்கிறோம் என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிற சேவையையே எடுத்துக்கொள்ள வேண்டும். யாரோ வீடியோவில் சொன்ன எண்ணை அப்படியே எழுதக் கூடாது.

'விளம்பரம் வராமல் செய்து தருகிறேன்' என்று யாராவது போனைக் கேட்டால், என்ன எழுதப் போகிறார் என்று முதலில் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த மாற்றத்துக்கு ஓ.டி.பி. தேவையில்லை. வங்கி விவரம் தேவையில்லை. எந்த ஆப்பையும் இறக்க வேண்டியதில்லை. இவற்றில் ஒன்றைக் கேட்டாலும், அவர் வந்த வேலை வேறு. போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஏமாந்து பணம் போயிருந்தால் தயங்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது இணையக் குற்றங்களுக்கான அரசு உதவி எண். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

அந்த வீட்டில் மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். லேப்டாப்பும் அவளோடு போய்விட்டது. போவதற்கு முன், அம்மாவின் தையல் மெஷின் பலகையின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். பிரைவேட் டி.என்.எஸ்.ஸில் எழுத வேண்டிய பெயர் அதில் ஒவ்வோர் எழுத்தாக இருக்கிறது. அதன் கீழே, 'நெட் வரவில்லை என்றால் ஆட்டோமேட்டிக்' என்று எழுதியிருக்கிறது. கடைசி வரி: '1930.'

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தன் போனைக் கொண்டுவந்தார். அம்மா பலகையைத் திருப்பினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஓர் எழுத்து படித்து, ஓர் எழுத்து அமுக்கி, கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். அந்தச் சிறு கோட்டை எங்கே தேடுவது என்பதில்தான் கொஞ்சம் தடுமாறினார். எண்கள் இருக்கும் பலகையைத் திருப்பினால் கிடைக்கும்.